படகைக் கெடுத்து அலையை வளர்ப்பது

திண்டுக்கல்லின் நாகல் நகரில் படகு கிடையாது. திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றி விரியும் இந்தச் சமவெளியில் தண்ணீர் என்ற பேச்சு எழுந்தால், குழாயில் எப்போது வரும் என்பதுதான் முதல் கேள்வி. நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் அணை மலையடிவாரத்தில் இருக்கிறது, அது குடிப்பதற்கு. படகில் ஏற ஆசைப்பட்டால் வத்தலக்குண்டு வழியாக மலையேறி, சுமார் நூறு கிலோமீட்டர் கடந்து, கொடைக்கானல் ஏரிக்கரையில் டிக்கெட் வாங்க நிற்க வேண்டும். அந்த ஏரியும் மனிதன் உண்டாக்கியதுதான். மதுரைக் கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்துக் கரை கட்டினார். ஏரியின் முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து மலைமேல் கொண்டுவந்தவரும் அவரே. 1890-ல் போட் கிளப் வந்தது. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது ஒரு கணக்கைத் தீர்த்து வைக்கும்.

இந்த அத்தியாயம் மோட்டார் படகுக்குப் பின்னால் எழும் அலையைப் பற்றியது. அமெரிக்க ஏரிகளில் அந்த அலையின் மேல் பலகை போட்டுச் சறுக்குகிறார்கள். அதற்கென்றே செய்த புதுப் படகுகள் விலை அதிகம் என்பதால், இருபது வருடப் பழைய வேக்போர்டு படகை வாங்கி, அதன் பின்னலையை எப்படியாவது பெரிதாக்கப் பார்ப்பவர்கள் அங்கே ஏராளம். அவர்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் நல்ல இயற்பியல் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை. கொடைக்கானல் துடுப்புப் படகே போதும்.

காற்று எழாத காலை நேரத்தில், ஏரி மொத்தமும் கீழே தெரியும் அப்பர் லேக் வியூ முனையில் நின்று ஒரு படகைக் கவனியுங்கள். அதன் பின்னால் தண்ணீரில் ஒரு ஆப்பு வடிவம் விரிந்துகொண்டே போகும். அந்த ஆப்பின் இரண்டு ஓரங்களுக்கும் இடையே உள்ள கோணம் ஏறத்தாழ 39 டிகிரி. மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதால் கண்ணுக்கு வேறாகத் தெரியலாம். நேர் மேலிருந்து பார்த்தால் 39தான். படகு மெதுவாகப் போனாலும் கொஞ்சம் விரைந்தாலும் அதே கோணம். படகின் பக்கத்தில் நீந்தும் வாத்துக்கும் அதே கோணம். லார்ட் கெல்வின் 1887-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆழமான தண்ணீரில் அலையின் முகடு ஓடும் வேகத்தில் பாதி வேகத்தில்தான் அதன் ஆற்றல் ஓடும். இந்தப் பாதி என்ற விகிதத்தை வைத்துக் கோடு வரைந்தால், ஓரத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைன் மதிப்பு சரியாக மூன்றில் ஒன்று என்று வருகிறது. அது 19.47 டிகிரி. அந்தக் கணக்கில் படகின் நீளமும் இல்லை, எடையும் இல்லை, வேகமும் இல்லை. மிக வேகமாகப் பாயும் படகுகளுக்குப் பின்னால் மட்டும் ஆப்பு ஒடுங்கித் தெரியும். பிரெஞ்சு இயற்பியலாளர்கள் ரபோவும் முவாசியும் 2013-ல் அதை விளக்கினார்கள்.

ஆப்பின் ஓரங்களை விட்டுவிட்டு, படகுக்கு நேர் பின்னால் குறுக்காகக் கிடக்கும் முகடுகளைப் பாருங்கள். படகின் வேகம் அவற்றில் எழுதியிருக்கிறது. ஏனென்றால் அந்த அலைகள் படகோடு சேர்ந்தே ஓடுகின்றன. படகின் வேகமும் அவற்றின் வேகமும் ஒன்று. ஆழமான தண்ணீரில் நீண்ட அலை வேகமாக ஓடும், குறுகிய அலை மெதுவாக ஓடும். அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர் என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தை 1.25 ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்பது கிடைத்துவிடும். முகடுகளுக்கு இடையே ஒரு மீட்டர் என்றால் படகு நொடிக்கு 1.25 மீட்டர், அதாவது மணிக்கு நாலரை கிலோமீட்டர் போகிறது. வேகமானி இல்லாத துடுப்புப் படகில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தே வேகத்தைச் சொல்லலாம். பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இதை ஒருமுறை செய்து காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

படகு விரைய விரைய முகடுகள் விலகிக்கொண்டே போகின்றன. ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகிவிடும். அப்போது படகின் முன்பகுதியான அணியம் ஒரு முகட்டிலும் பின்பகுதியான அமரம் அடுத்த முகட்டிலும் உட்கார, நடுவயிறு பள்ளத்தில் தொங்கும். இதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் படகு தானே எழுப்பிய முன்முகட்டின் மேல் ஏற வேண்டும். ஐந்து மீட்டர் நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். எத்தனை பேர் துடுப்புப் போட்டாலும் அதைத் தாண்டுவது பெரும்பாடு. இங்கிலாந்தின் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 1870-களில் டார்க்கீ நகரத்தில் நீண்ட தொட்டி கட்டி, அதில் சிறு கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்து ஆராய்ந்தது இதைத்தான். எஞ்சின் தரும் ஆற்றலில் எவ்வளவு அலையாக வீணாகிறது என்பதே அவருடைய கேள்வி. அன்றிலிருந்து இன்றுவரை கப்பல் வடிவமைப்பாளர்கள் பின்னலையைச் சிறிதாக்கவே பாடுபட்டு வருகிறார்கள். அலை என்றால் விரயம், விரயம் என்றால் எரிபொருள்.

அலைமேல் சறுக்குகிறவருக்கோ அந்த விரயம்தான் வேண்டும். பழைய படகின் அலையைத் திருத்துவது என்றால், நல்ல படகு ஒன்றைத் தெரிந்தே மோசமான படகாக்குவது என்று அர்த்தம். மற்ற எல்லாம் இதிலிருந்தே புறப்படுகின்றன.

போட்டித் தண்ணீர்ச் சறுக்கில் இழுபடுகிறவருக்குப் படகு மணிக்கு 55 கிலோமீட்டரை ஒட்டிப் போக வேண்டும். அந்த வேகத்தில் படகு தண்ணீரைப் பிளக்காமல் மேல்தளத்தில் வழுக்கிப் போகிறது. பின்னலை தட்டையாக இருக்கும், அதுவே அவருக்குத் தேவை. வேக்போர்டு ஆடுகிறவர் மணிக்கு 35 கிலோமீட்டரை ஒட்டிப் போவார். அவருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் திண்ணென்ற கரை போன்ற அலை வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ. பழைய வேக்போர்டு படகு இதற்காகப் பிறந்தது. அலைச்சறுக்கோ மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டருக்குள் நடப்பது. எழுந்து நின்று நிலைகொண்டதும் கயிற்றை விட்டுவிடுகிறார்கள். பிறகு அவரை முன்னே தள்ளுவது அலைமுகத்தின் சரிவில் இறங்கத் துடிக்கும் அவருடைய எடைதான். அலையும் படகின் வேகத்திலேயே முன்னேறுவதால் அவர் இறங்கிக்கொண்டே இருக்கிறார், ஆனால் அடிவாரத்தை எட்டுவதில்லை.

மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 5 மீட்டர். அந்த வேகத்தில் ஓடும் அலையின் நீளம் 16 மீட்டர். இருபத்தொரு அடிப் படகின் நீளம் 6.4 மீட்டர், அதன் எல்லை வேகமோ மணிக்கு பதினொன்றரை கிலோமீட்டர்தான். ஆக, படகு எல்லையைத் தாண்டிவிட்டது, ஆனால் வழுக்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை. அணியம் தூக்கி, அமரம் புதைந்து, தன் அலையின் மேல் ஏறியும் ஏறாமலும் திணறும் நிலை. படகோட்டிகள் விரைந்து கடந்துபோக விரும்பும் இந்த இடத்தில்தான் அலை மிகப் பெரிதாக எழும். அலைச்சறுக்கு முழுவதும் இந்தத் திணறலுக்குள் குடியிருக்கிறது.

முதல் திருத்தம் எடை. மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்குகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் விதி; எவ்வளவு ஒதுக்குகிறதோ அந்த அளவுக்கே அலைக்குச் சரக்கு கிடைக்கும். பழைய படகு காலியாக ஒன்றரை டன் அளவுக்கு இருக்கும். அதற்குள் ஆயிரம் லிட்டர் தண்ணீரைப் பைகளில் நிரப்பினால் ஒரு டன் கூடும்; தண்ணீர் மட்டத்தில் படகின் பரப்பு பத்து சதுர மீட்டர் என்றால் படகு பத்து சென்டிமீட்டர் அமிழும். சிலர் ஈயக் குண்டு மூட்டைகளையும் வைக்கிறார்கள். எனக்குத் தண்ணீர்ப் பைதான் சரியாகப் படுகிறது. படகுக்குள் ஏரி நீர் புகுந்துவிட்டால் பைக்குள் இருக்கும் தண்ணீர் படகைக் கீழே இழுக்காது, தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை தெரியாது. ஈயம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

எங்கே வைப்பது என்பது எடையைவிட முக்கியம். எல்லாவற்றையும் அமரத்தில் குவித்தால் அலை உயரமாக எழும். ஆனால் சறுக்கும் இடம் குட்டையாகிவிடும், பலகை நாலடி பின்தங்கினால் கதை முடிந்தது. அணியத்திலும் கொஞ்சம் வைத்தால் உயரம் சற்றுக் குறைந்து அலை நீளும். அதோடு நிற்காமல், சறுக்குபவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கத்துப் பின்மூலையில் அதிகம் நிரப்பிப் படகையே சாய்க்கும் பழக்கமும் இருந்தது. பல வருடங்கள் இதுவே முறை.

சாய்ப்பதால் என்ன ஆகிறது? படகு கடந்ததும் அதன் பின்னால் தண்ணீரில் ஒரு குழி விழுகிறது. இரண்டு பக்கமும் ஒதுக்கப்பட்ட தண்ணீர் குழியை நிரப்ப ஓடி வருகிறது. சமமாக மிதக்கும் படகில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நடுவில் மோதி நுரைத்து எழும். அந்த நுரையில் பலகை நிற்காது. சாய்ந்த படகில் ஒரு பக்கத்து நீர் முந்தி, மறுபக்கத்து நீர் பிந்தி வருகிறது. முந்தி வந்த நீருக்கு எதிர்த்து மோத ஆள் இல்லை. அது தடையின்றி மேலெழுந்து வழவழப்பான சரிவாகிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, சாய்க்காமலேயே அதைச் செய்ய முடியுமா என்ற கேள்வி எழுந்தது. மாலிபு என்ற அமெரிக்கப் படகு நிறுவனம் 2012-ல் படகின் பின்மூலைகளில் கதவு போல விரியும் தகடுகளை வைத்தது. இடப்பக்கம் சறுக்க வேண்டும் என்றால் வலப்பக்கத் தகடு விரியும். அது வலப்பக்கத்து நீரை இன்னும் வெளியே தள்ளிவிட, அந்த நீர் குழிக்குத் திரும்ப நேரமாகிறது. இடப்பக்க அலை சுத்தமாக எழுகிறது. படகு சமமாகவே மிதக்கிறது. பழைய படகுக்காரர்களுக்கு இந்தச் சேதி பெரும் வரம். படகைக் குடையாமல், உறிஞ்சு குமிழ்களால் பின்பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும் ஆப்புப் பலகைகள் கடைக்கு வந்தன; கையோடு மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்துகொண்டவர்களும் உண்டு. சறுக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்பதே முதலில் தலைகீழாகத் தோன்றும். குழி எப்படி நிரம்புகிறது என்பதை மனதில் ஓட்டிப் பார்த்தால் தெளிவாகிவிடும். படகைச் சாய்க்க வைத்த எடையின் வேலையை அரை முழப் பலகை ஒன்று செய்துவிடுகிறது என்பது, தண்ணீர் எவ்வளவு நுட்பமாகக் கணக்குப் பார்க்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த அழகான சான்று.

இவ்வளவு பாரம் ஏறிய பிறகு பழைய எஞ்சின் மூச்சுவாங்கும். அதன் புரொப்பெல்லர் வேகமாக வழுக்கும் படகுக்காகச் செய்யப்பட்டது. ஒரு சுற்றுக்கு நீண்ட தூரம் நகர்த்தப் பார்க்கும். அதைக் கழற்றிவிட்டு, ஒரு சுற்றுக்குக் குறைவாக நகர்த்தும் புரொப்பெல்லரைப் போடுகிறார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைப்பாதையில் பஸ் ஓட்டுநர் கியரை இறக்குவதும் இதே காரணத்துக்குத்தான். வேகத்தைப் பொறுத்தவரை மணிக்கு அரை கிலோமீட்டர் கூடுவதும் குறைவதும் அலையை மாற்றிவிடும்: குறைத்தால் அலை செங்குத்தாகக் குறுகும், கூட்டினால் நீண்டு தணியும்.

இந்த விளையாட்டில் சில எல்லைகளை ஒருபோதும் தாண்டக் கூடாது. புரொப்பெல்லர் படகின் வயிற்றுக்கு அடியில், அமரத்துக்கு முன்னாலேயே அடங்கியிருக்கும் படகில் மட்டும்தான் அலைச்சறுக்கு. வெளிப்புற மோட்டார் தொங்கும் படகில் சறுக்குபவர் விழுந்தால் சுழலும் இலைகளுக்குப் பக்கத்தில் விழுவார். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, மெதுவாகப் போகும் படகின் பின்னால் காற்றடைந்த இடத்தில் தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூன்றாவது, பாதி நிரம்பிய தண்ணீர்ப் பை. முழுக்க நிரம்பிய பை அசையாது, காலிப் பை எதுவும் செய்யாது. பாதி நிரம்பியதில், படகு சாயும் பக்கத்துக்குத் தண்ணீரும் ஓடி, சாய்வை மேலும் சாய்க்கும். எடை ஒரு பக்கம் ஓடினால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து மலை ஒருமுறை கண்டிருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற அடுக்குப் படகில் பயணிகள் ஒரு பக்கம் திரண்டபோது அது கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அங்கே எடை மனிதர்கள், இங்கே தண்ணீர். சாயும் விதி ஒன்றுதான். படகைச் செய்தவர் எவ்வளவு எடை தாங்கும் என்று தகட்டில் பொறித்திருந்தால், அலைக்காக அதை மீறுவது தவறு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இனி, படகை விட்டுவிட்டு அதன் அடியில் இருக்கும் தரையைப் பார்ப்போம். இதுவரை சொன்ன கணக்கு எல்லாம் ஆழமான தண்ணீருக்கு. ஓர் அலை தன் நீளத்தில் பாதி ஆழம் இருக்கும்வரை தரையை உணராது. 16 மீட்டர் அலைக்கு 8 மீட்டர் ஆழம் வேண்டும். ஆழம் அதற்குக் கீழே போகப் போக அலையின் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு வந்துவிடுகிறது. அந்த வரம்பை நீளம் தீர்மானிப்பதில்லை, ஆழம் தீர்மானிக்கிறது. 3 மீட்டர் ஆழத்தில் எந்த அலையும் நொடிக்கு 5.4 மீட்டருக்கு மேல் ஓடாது. கொடைக்கானல் ஏரியின் சராசரி ஆழம் சுமார் 3 மீட்டர். அலைச்சறுக்குப் படகு ஒன்று அங்கே நொடிக்கு 5 மீட்டரில் போவதாக வைத்துக்கொண்டால், வரம்பை ஏறக்குறைய தொட்டுவிடும். அங்கே கெல்வினின் 39 டிகிரி உடைந்து ஆப்பு அகன்று விரியும், எஞ்சினின் ஆற்றல் அலையிலேயே தேங்கும். இதன் ஒரு வடிவத்தை ஸ்காட்லாந்தின் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் 1834-ல் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில் கண்டார். குதிரைகள் இழுத்த படகு சட்டென்று நின்றதும், அதன் முன்னால் திரண்ட நீர்மேடு மட்டும் தனியாகக் கால்வாயில் ஓடியது. அவர் குதிரைமேல் ஏறி ஒன்றிரண்டு மைல் அதைத் துரத்திப் போனார். ஒற்றையலை என்று இயற்பியல் இன்று பேசும் பொருள் அந்தச் சவாரியில் தொடங்கியது.

அலை கரைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். உயரம் இரட்டித்தால் அலை சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஆண்டனி ஃபால்ஸ் ஆய்வகம் 2022-ல் அளந்து பார்த்து, அலைச்சறுக்குப் படகுகள் கரையிலிருந்து 500 அடியாவது தள்ளி ஓட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அலை ஒரு பக்கம் என்றால் புரொப்பெல்லர் கீழ்நோக்கித் தள்ளும் நீரோட்டம் மறுபக்கம். அடியில் படிந்த வண்டலை அது கிளறினால், வண்டலோடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் மேலே வந்து பாசிக்கு உரமாகும். வெர்மான்ட் மாநிலம் 2024-ல் விதியே செய்துவிட்டது: கரையிலிருந்து 500 அடி தள்ளி, 20 அடிக்குக் குறையாத ஆழத்தில், தொடர்ச்சியாக 50 ஏக்கர் பரப்பு கிடைக்கும் ஏரியில் மட்டுமே இந்த ஆட்டம்.

அந்த 60 ஏக்கரை இப்போது எடுத்துக்கொள்வோம். கொடைக்கானல் ஏரி நட்சத்திரம் போலக் கைகளை நீட்டிக் கிடக்கிறது. அதைச் சுருட்டி ஒரே வட்டமாக்கிவிட்டதாக நினைத்தாலும் வட்டத்தின் ஆரம் சுமார் 278 மீட்டர். கரையிலிருந்து 500 அடியை, அதாவது 152 மீட்டரைக் கழித்தால் மிஞ்சும் வட்டம் 12 ஏக்கர். உண்மையான வடிவத்தில் அதுவும் மிஞ்சாது. காமராஜர் அணையைப் பற்றிக் கணக்கே போட வேண்டாம். திண்டுக்கல் குடிக்கும் தண்ணீரில் வண்டலைக் கிளறும் விளையாட்டுக்கு இடமில்லை. நீர்நிலைகளில் சுற்றுலாவை வளர்க்க மோட்டார் விளையாட்டுகளைக் கொண்டுவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால், ஆழம் எத்தனை, கரை எத்தனை தூரம் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும்.

அலைமேல் நிற்க ஆசைப்படும் திண்டுக்கல் பிள்ளைக்கு வழி வடகிழக்கே இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அலைச்சறுக்கைத் தங்கள் கலையாக்கியிருக்கிறார்கள். கோவளத்தில் மூர்த்தி மேகவன் அதில் முன்னோடி. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அங்கே அலையை எழுப்புவது தொலைவில் கடல்மேல் வீசிய காற்று. ஆனால் எழுந்த அலையெல்லாம் சறுக்க உதவாது. கரைக்கு இணையாக வரும் அலை ஒரே நேரத்தில் முழு நீளமும் உடைந்தால், படகுக்குப் பின்னால் இரண்டு நீரும் மோதி நுரைப்பது போலவே ஆகிவிடும். கோவளத்தில் கடலுக்குள் நீண்டிருக்கும் முனை அலையின் ஒரு நுனியை முதலில் தடுக்கிறது. அந்த நுனி உடைய, உடைப்பு மெல்ல மெல்ல மறுநுனிக்கு நகர்கிறது, அதற்குச் சற்று முன்னால் உடையாத சரிவு ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய படகின் மூலையில் ஒட்டிய பலகை, ஒரு பக்கத்து நீரைச் சில கணங்கள் தாமதப்படுத்திச் சாதிக்கும் காரியமும் இதே.